நான்காம் வார்த்தை

எங்கள் ஊர்க் கோயிலில் பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனைக்கு ஏழு பேர் தேவை. சிலுவையில் தொங்கியபடி இயேசு பேசிய ஏழு வார்த்தைகளுக்கு ஆளுக்கு ஒன்று. பன்னிரண்டு மணிக்குத் தொடங்கினால் மூன்று மணிக்கு முடியும். நடுநடுவே பாமாலை, ஜெபம், மறுபடியும் பாமாலை. பதினைந்து நாள் முன்னாலேயே ஐயர் ஒரு தாளை எடுத்துக்கொண்டு ஆள் பிடிக்கக் கிளம்பிவிடுவார். (எங்கள் பக்கம் சிஎஸ்ஐ குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். சென்னை நண்பர்கள் ஒவ்வொரு முறையும் குழம்புவார்கள்.)

முதல் இரண்டு வார்த்தைகளுக்குப் போட்டி உண்டு. மன்னிப்பைப் பற்றி யாரும் பேசலாம். கள்ளனுக்குப் பரதீசு கிடைத்ததைச் சொல்லிக் கண்ணீரும் வரவழைக்கலாம். மூன்றாவது தாயையும் மகனையும் பற்றியது, அதனால் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் போய்விடும். 'முடிந்தது' என்ற ஆறாம் வார்த்தையைக் குரல்வளம் உள்ள யாராவது கேட்டு வாங்கிக்கொள்வார். நான்காவது மட்டும் கடைசிவரை காலியாகக் கிடக்கும்.

போன வருஷம் ஐயர் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "தம்பி, நாலாவது வார்த்தையை நீங்க எடுத்துக்கிடுதீங்களா?"

அம்மா இறந்து அப்போது ஏழு மாதம். அதை வைத்துத்தான் கேட்டாரா, வேறு ஆள் கிடைக்காமல் கேட்டாரா என்று தெரியாது. சரி என்று சொல்லிவிட்டேன். அப்புறம் இரண்டு வாரம் தூக்கம் இல்லை.

'என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?' இதுதான் நான்காம் வார்த்தை. ஏழு வார்த்தைகள் என்று எண்ணிச் சொன்னாலும் எந்தச் சுவிசேஷத்திலும் ஏழும் சேர்ந்து இல்லை. லூக்காவில் மூன்று, யோவானில் மூன்று. மத்தேயுவிலும் மாற்கிலும் இயேசு சிலுவையில் பேசியதாக இருப்பது இந்த ஒரே ஒரு வாக்கியம்தான். அதற்குப் பிறகு மகா சத்தமாய்க் கூப்பிட்டு உயிரை விடுகிறார், அவ்வளவுதான். சுவிசேஷங்களைக் கிரேக்கத்தில் எழுதியவர்கள் அந்த ஏழில் இந்த வரியை மட்டும் அவர் பேசிய மொழியிலேயே விட்டுவைத்திருக்கிறார்கள்: 'ஏலீ! ஏலீ! லாமா சபக்தானி'. பக்கத்தில் நின்றவர்களுக்கும் அது சரியாகக் காதில் விழவில்லை, எலியா தீர்க்கதரிசியைக் கூப்பிடுகிறான் என்று நினைத்தார்கள். சாகிறவர் குழறிச் சொன்னதை, கேட்ட சத்தத்திலேயே யாரோ நினைவில் வைத்திருந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். மொழிபெயர்க்க மனம் வராத சொற்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டுதானே.

மூன்று மணி நேரம் உட்கார்ந்து இந்த ஏழையும் கேட்கும் வழக்கம், பலரும் நினைப்பதுபோல வெள்ளைக்கார மிஷனரிகள் உண்டாக்கியது அல்ல. 17-ஆம் நூற்றாண்டில் பெரு நாட்டு லிமா நகரத்தில் இயேசு சபைக் குருக்கள் தொடங்கியது. லிமா அடிக்கடி நிலம் நடுங்கும் ஊர். 1687-இல் வந்த நிலநடுக்கம் ஊரையே இடித்துப் போட்டது. அந்த மாதிரி ஊரில் பிறந்த வழிபாடு ஐரோப்பாவுக்குப் போய், கத்தோலிக்கரிடமிருந்து ஆங்கிலிக்கரிடம் வந்து, கடைசியில் நாங்குநேரிப் பக்கம் பனைமரங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் கோயிலுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. வீடு இடிந்து நிற்பவனிடம் நான்காம் வார்த்தைக்கு யாரும் விளக்கம் சொல்லியிருக்க வேண்டியதில்லை. எங்களுக்குத்தான் விளக்கம் தேவைப்படுகிறது.

நான் சிறுவயதிலிருந்து கேட்ட நான்காம் வார்த்தைப் பிரசங்கங்கள் எல்லாம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். வாசித்து முடித்த அடுத்த நிமிஷமே சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். அது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி, அந்தச் சங்கீதம் துதியில் முடிகிறது, ஆகவே இயேசு உண்மையில் துதித்துக்கொண்டுதான் இருந்தார் என்று ஒருவர். உலகத்தின் பாவமெல்லாம் அவர்மேல் இருந்ததால் பிதா முகத்தைத் திருப்பிக்கொண்டார், அது ஒரு கணம்தான் என்று இன்னொருவர். சங்கீதம் துதியில் முடிவது உண்மைதான். ஆனால் இயேசு முடிவைச் சொல்லவில்லை, தொடக்கத்தைச் சொன்னார். 'எனக்கு உதவி செய்யாமலும், நான் கதறிச் சொல்லும் வார்த்தைகளைக் கேளாமலும் ஏன் தூரமாயிருக்கிறீர்?' என்றுதான் அந்த வசனமே தொடர்கிறது. கதறுகிறவனைப் பார்த்து, நீ உள்ளுக்குள் பாடிக்கொண்டுதான் இருக்கிறாய் என்று சொல்வது எனக்கு ஒட்டவில்லை.

ஒட்டாமல் போனதற்குக் காரணம் அம்மாதான்.

அம்மா ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை. கணையத்தில் புற்று. தை மாதம் வயிற்றுவலி என்று போனோம், ஆவணியில் அடக்கம். நடுவில் மதுரைக்கும் ஊருக்குமாக அலைந்தது எல்லார் வீட்டிலும் நடக்கிற கதை, அதை எழுதப்போவதில்லை. எழுத வேண்டியது பார்க்க வந்தவர்களைப் பற்றி.

எல்லாரும் நல்லவர்கள், பிரியத்தில் வந்தவர்கள். சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்தவர்கள். வந்து, ஜெபித்து, கிளம்பும்போது ஆளுக்கு ஒரு வசனத்தை வைத்துவிட்டுப் போவார்கள். 'சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது.' 'உங்கள் திராணிக்கு மேலாகச் சோதிக்கப்படுகிறதற்கு அவர் இடங்கொடார்.' ஒருவர் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குடும்பத்தில் அறிக்கையிடாத பாவம் ஏதாவது உண்டா என்று விசாரித்தார். அவர் வேதத்தை நன்றாகப் படித்தவர். யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் இதே கேள்வியைக் கேட்டபோது இயேசு என்ன பதில் சொன்னார் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது. அவன் பாவமும் இல்லை, அவனைப் பெற்றவர்கள் பாவமும் இல்லை.

பகலில் யார் வந்தாலும் அம்மா "கர்த்தர் நல்லவர்" என்று சொல்லிவிடுவாள். வந்தவர்கள், அம்மாவுக்கு எவ்வளவு விசுவாசம் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மேல் வேறு அம்மா. வலி மாத்திரையின் வேகம் இறங்கும் நேரம் அது. கண்ணை மூடிக்கொண்டு "ஏம்ப்பா… ஏம்ப்பா…" என்பாள். முதலில் தாத்தாவைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். தாத்தா இறந்து நாற்பது வருஷம். நான்கைந்து ராத்திரி கழித்துத்தான் புரிந்தது, அது ஜெபம். அம்மா ஜெபத்தில் கர்த்தரை அப்பா என்றுதான் கூப்பிடுவாள். பகலில் சொன்னதும் பொய் இல்லை, ராத்திரியில் கேட்டதும் பொய் இல்லை. இரண்டும் ஒரே ஆளிடம்தான்.

துட்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க, வந்தவர்களில் பத்துப் பேராவது சொன்ன வசனம், 'கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்'. யோபு சொன்னது. பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்தவன், தரையில் விழுந்து, தன் வாயால் சொன்னது. இரண்டு அதிகாரம் தள்ளி அதே யோபு, தான் பிறந்த நாளே அழிந்துபோகட்டும் என்று சபிக்கிறான். அந்த வசனத்தைத் துட்டி வீட்டில் ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த வாரங்களில் யோபு புஸ்தகம் முழுவதையும், நாற்பத்திரண்டு அதிகாரங்களையும், முதல் தடவையாக விடாமல் வாசித்தேன். அதற்கு முன் முதல் இரண்டு அதிகாரமும் கடைசி அதிகாரமும்தான் தெரியும். ஓய்வுநாள் பள்ளியில் அவ்வளவுதான் சொல்லிக்கொடுப்பார்கள். யோபுவின் சிநேகிதர்கள் வந்ததும் ஏழு நாள் தரையில் அவனோடு உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை அவர்கள்மேல் யாரும் குறை சொல்ல முடியாது. வாயைத் திறந்ததும் கெட்டது. கடவுள் நீதியுள்ளவர், ஆகவே உன்னிடம் தப்பு இருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். 'நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்' என்கிறான் யோபு. இன்னோர் இடத்தில் 'காரியத்துக்குதவாத வைத்தியர்கள்'. கடைசியில் கடவுள் பேசும்போது யோபுவுக்கும் காரணம் சொல்லவில்லை. ஆனால் கோபம் யார்மேல் என்றால், தம்மைத் தாங்கிப் பேசிய சிநேகிதர்கள்மேல். 'என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை.' கடவுளோடு சண்டை போட்டவன் பேசியது சரி, கடவுளுக்கு வக்கீலாக வந்தவர்கள் பேசியது தப்பு. இதை எப்படி இத்தனை வருஷம் கவனிக்காமல் விட்டேன்?

அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. பாடுகளைப் பற்றி வேதத்தில் இருக்கிற பெரிய வசனங்கள் எல்லாம் பாடுபட்டவர்கள் சொன்னவை. 'என் கிருபை உனக்குப்போதும்' என்பது மாம்சத்தில் முள்ளோடு இருந்த பவுல், மூன்று தரம் கேட்டும் முள் நீங்காமல், தனக்குக் கிடைத்த பதிலாக எழுதியது. 'திராணிக்கு மேலாக' என்று கொரிந்தியருக்கு எழுதிய அதே பவுல், அதே சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், 'பிழைப்போம் என்கிற நம்பிக்கை அற்றுப்போகத்தக்கதாக, எங்கள் பலத்திற்கு மிஞ்சின அதிக பாரமான வருத்தம்' வந்தது என்கிறார். திராணிக்கு மேல் வந்திருக்கிறது. அதை மறைக்காமல் எழுதவும் செய்திருக்கிறார். படுக்கையில் கிடப்பவர் இந்த வசனத்தைச் சொன்னால் அது சாட்சி. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் சொன்னால் அதிகப்பிரசங்கித்தனம்.

கத்தோலிக்கரிடம் வேறொரு பேச்சு உண்டு: வேதனையை ஒப்புக்கொடுப்பது. தூத்துக்குடியில் என்னோடு படித்த நண்பனின் பாட்டி, முழங்கால் வலியைக்கூட, மோட்சம் சேருமுன் சுத்திகரிக்கப்படும் உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்காக ஒப்புக்கொடுப்பார். சீர்திருத்தச் சபையில் வளர்ந்த எனக்கு அது அன்றைக்கு வேடிக்கை. கிறிஸ்துவின் பாடு போதாதா, நம் முழங்கால் வேறு வேண்டுமா என்று வாதாடியிருக்கிறேன். பின்னால், போப் இரண்டாம் யோவான் பவுல் மனிதத் துன்பத்தைப் பற்றி 1984 பிப்ரவரியில் எழுதிய மடலை வாசித்தபோது வாதாடும் வேகம் குறைந்தது. 1981-இல் வயிற்றில் குண்டு பாய்ந்து பிழைத்தவர் எழுதியது அது. பின்னாளில் நடுக்கு நோயோடு, பேச்சுக் குழறி, உலகம் பார்க்கப் பார்க்கவே 2005-இல் இறந்தார். துன்பம் கிறிஸ்துவின் துன்பத்தோடு சேர்ந்து ஒரு வேலை செய்கிறது என்று அவர் சொல்லலாம். பாட்டியும் சொல்லலாம். பாட்டியிடம் போய், உங்கள் வலியை ஒப்புக்கொடுங்கள் என்று நான் சொல்ல முடியாது.

எங்கள் ஊரிலிருந்து டோனாவூர் வெகு தூரமில்லை. ஏமி கார்மைக்கேல் அங்கே பிள்ளைகளை வளர்த்த வளாகத்துக்கு ஓய்வுநாள் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு போவார்கள். அயர்லாந்திலிருந்து வந்து, கோயில்களுக்கு விடப்படும் சிறுமிகளை மீட்டது, குழந்தைகள் இல்லம் கட்டியது எல்லாம் பாடமாகச் சொல்வார்கள். யாரும் நிறுத்திச் சொல்லாதது, அவர் வாழ்வின் கடைசி இருபது வருஷம். 1931 அக்டோபரில் களக்காட்டில், இருட்டும் நேரத்தில், புதிதாக வெட்டிய ஒரு குழியில் விழுந்தார். கால் முறிந்தது. சரியாகிவிடும் என்றார்கள், ஆகவில்லை. 1951 ஜனவரியில் சாகிறவரை பெரும்பாலும் ஒரே அறை, ஒரே கட்டில், தீராத வலி. நலமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதும் ஆறுதல் புத்தகங்கள் தனக்கு உதவவில்லை என்று கண்டு, நோயாளியாக இருந்து நோயாளிகளுக்குக் கடிதங்கள் எழுதினார். அவருடைய கல்லறையில் கல் இல்லை. பறவைகள் தண்ணீர் குடிக்கும் தொட்டி ஒன்று, அதில் தாய் என்ற பொருளில் ஒரே ஒரு சொல்.

வலியைப் பற்றிப் பேசும்போது எங்கள் பக்கத்துப் பிரசங்கிகள் தவறாமல் எடுப்பது டாக்டர் பால் பிராண்டை. கொல்லிமலையில் 1914-இல் மிஷனரி பெற்றோருக்குப் பிறந்தவர். 1946-இல் வேலூர் மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளிகளின் விரல்கள் நோயில் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சுட்டும் வெட்டியும் புண்ணாகியும் அழிகின்றன என்று கண்டு சொன்னவர். ஒருமுறை தன் குதிகாலில் உணர்வு இல்லை, தனக்கும் நோய் தொற்றிவிட்டது என்று ஒரு ராத்திரி முழுக்க நடுங்கியிருக்கிறார். காலையில் ஊசியால் குத்திப் பார்த்தால் வலித்தது. அந்த வலிக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னார். வலி ஒரு வரம் என்று அவர் சொன்னதற்குப் பின்னால் அந்த ராத்திரி இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வலி சேதி சொல்லும் வலி: கையை எடு, செருப்பைப் பார். அம்மாவின் வலிக்குச் சொல்ல ஒரு சேதியும் மிச்சமில்லை. சொல்ல வேண்டியதைத் தை மாதமே சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு ஏழு மாதம் சும்மா வலித்தது. அதற்கும் ஒரு பிரயோஜனம் கண்டுபிடித்துச் சொல்லாதீர்கள் என்றுதான் வந்தவர்களிடம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. சாத்துக்குடி வாங்கி வந்தவர்களிடம் எப்படிக் கேட்பது?

சாவைப் பற்றியும் இதே தடுமாற்றம்தான். நாங்கள் செத்துப்போனார் என்று போஸ்டர் அடிப்பதில்லை, 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்றுதான் அடிப்போம். பூசி மெழுகும் பேச்சு என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். அப்படியில்லை, ஆதிச்சபையே அப்படித்தான் பேசியது. கல்லறைத் தோட்டத்துக்குக் கிரேக்கத்தில் அவர்கள் வைத்த பெயருக்கு உறங்குமிடம் என்றுதான் அர்த்தம். எழுப்புவதற்கு ஒருவர் வருவார் என்று நம்புகிறவர்கள் உறக்கம் என்று சொல்லலாம். ஆனால் அதே சபை மரணத்தைக் 'கடைசிச் சத்துரு' என்றும் சொன்னது. சிநேகிதன் என்று சொல்லவில்லை, விடுதலை என்றும் சொல்லவில்லை. இறந்துபோன லாசருவை நாலு நிமிஷத்தில் எழுப்பப்போகிறவர், அதற்கு முன் கல்லறைக்குப் போகும் வழியில் அழுகிறார். 'இயேசு கண்ணீர்விட்டார்.' எழுப்பப்போவது தெரிந்தும் அழுகை வந்தது என்றால், அழுகை அவிசுவாசம் இல்லை. இதைத் துட்டி வீட்டில், 'நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்காதீர்கள்' என்று என் சித்தியை அடக்கியவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சித்தி ஒப்பாரி வைக்கத் தெரிந்தவள். இரண்டு வரி எடுத்தாள், யாரோ பாமாலையைத் தொடங்கி மூடிவிட்டார்கள். பவுல் துக்கிக்காதே என்று எங்கே சொன்னார்? மற்றவர்களைப்போல வேண்டாம் என்றார். சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். 88-ஆம் சங்கீதம் புலம்பலில் தொடங்கிப் புலம்பலிலேயே முடிகிறது, கடைசியில் ஒரு ஸ்தோத்திரம்கூடக் கிடையாது. அதை யாரும் வேதத்திலிருந்து வெட்டி எறியவில்லை.

ஈஸ்டர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அது இல்லாவிட்டால் நான் இதை எழுதவே மாட்டேன். ஆனால் ஈஸ்டர் அன்று எழுந்து வந்தவர் காயங்களோடுதான் வந்தார். பூட்டின கதவுக்குள் வரமுடிகிற உடம்பு, ஆணித் தழும்பை மட்டும் ஆற்றிக்கொள்ளவில்லை. சீஷர் தோமா அதைத்தான் கேட்டார். அற்புதத்தைக் கேட்கவில்லை, காயத்தைக் கேட்டார். அவர் இறந்த இடமாகச் சொல்லப்படும் சென்னைப் பரங்கிமலைக்குப் போகும்போதெல்லாம் சந்தேகத் தோமா என்ற பெயர் அவருக்கு நியாயமில்லை என்று நினைப்பேன். காயம் இல்லாத ஒருவர் வந்து நின்றிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. எனக்குக் கொடுத்த நேரம் பதினைந்து நிமிஷம். தாளில் லிமா, யோபு, பால் பிராண்டு எல்லாம் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். மேலே ஏறினதும் முன்வரிசையில் அம்மா உட்காரும் இடம் தெரிந்தது. அங்கே யாரோ கைப்பையை வைத்திருந்தார்கள். நான் வசனத்தை வாசித்தேன். அப்புறம் ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா "ஏம்ப்பா" என்று கேட்டதைச் சொன்னேன். இயேசுவும் இதைத்தான் கேட்டார், இரண்டு பேருக்கும் அந்த நேரத்தில் பதில் வரவில்லை, நானும் சொல்லப்போவதில்லை என்றேன். ஆறு நிமிஷம்கூட ஆகியிருக்காது. இறங்கிவிட்டேன். ஐயர் கொஞ்சம் முழித்துவிட்டு, பாமாலை எண்ணைச் சொன்னார்.

அடுத்தது ஐந்தாம் வார்த்தை, 'தாகமாயிருக்கிறேன்'. பட்டப்படிப்பு முடித்த ஓர் இளைஞன், நல்ல பையன், நன்றாகத் தயாரித்திருந்தான். இது சரீர தாகமல்ல, ஆத்தும தாகம் என்று தொடங்கினான். என் மிச்ச நேரத்தையும் சேர்த்து அவனே எடுத்துக்கொண்டான்.

மூன்று மணிக்குமேல் கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் கஞ்சியும் துவையலும். காலையிலிருந்து எல்லாரும் பட்டினி. என் பிரசங்கத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவோடு சங்கத்தில் இருந்த ஒரு பாட்டி, தூக்குச்சட்டியில் கஞ்சியை வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். துட்டிக்கு மூன்று நாளும் வந்து, ஒரு மூலையில் உட்கார்ந்து, ஒரு வசனமும் சொல்லாமல் போனவர்.

"ஏய்யா, ஒங்கம்மா கடைசியா என்ன பேசுனா?"

இதை யாரும் அதுவரை கேட்டதில்லை. "தண்ணி கேட்டாங்க பாட்டி."

"குடுத்தியா?"

"டாக்டர் கூடாதுன்னுட்டாரு, நுரையீரலுக்குள்ள போயிரும்னு. பஞ்சை நனைச்சு உதட்டுல வச்சேன்."

பாட்டி கொஞ்ச நேரம் கோயில் கோபுரத்துச் சிலுவையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சப்புனாளா?"

"ஆமா."

"ம்" என்றார். பிறகு என் கையில் இருந்த தட்டைப் பார்த்து, "கஞ்சி ஆறுது, குடி" என்றார்.